சாவிக்கொத்தின் எடை

சென்ற மழைக்காலம் ஓய்ந்த சில நாள்களில், எங்கள் துறையின் வான் வரந்தா மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் எஞ்சின் அணைந்துபோயிற்று. புனேக்குத் தெற்கே போர் என்னும் ஊரிலிருந்து கொங்கணத்து மஹாடை நோக்கி இறங்கும் பாதை அது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். வண்டியில் ஆய்வு மாணவர்கள் ஏழு பேரும் ஓட்டுநரும் இருந்தோம். முகப்புப் பலகையின் விளக்குகள் ஒருமுறை சிமிட்டிவிட்டு மறைந்தன. வண்டியின் ஓசை அடங்கி, டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

ஓட்டுநரை நாங்கள் காகா என்று அழைப்போம். மராத்தியில் சித்தப்பா என்று பொருள். புனேயில் வயதில் மூத்த ஓட்டுநர்களை அழைக்கும் முறை இதுதான். அந்த நான்கைந்து நொடிகளில் காகா என்னென்ன செய்யவில்லை என்பதைப் பின்னர்தான் புரிந்துகொண்டேன். அவர் சாவியைப் பின்னோக்கித் திருப்பவில்லை; திருப்பியிருந்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருக்கலாம். கியரை நியூட்ரலுக்குத் தள்ளவில்லை, கிளட்சை மிதிக்கவில்லை. அதனால் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருந்தன; பிரேக்குக்கு வலுச்சேர்க்கும் வெற்றிடப் பம்பும் நிற்காமல் சுழன்றது. பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தபடி, ஒரு கையால் சாவியை முன்னோக்கித் திருப்பி அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் மீண்டும் ஓடியது. அடுத்த வளைவில் மறுபடியும் அணைந்தது. பாறைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கிப்போய்ச் சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, "இதைத்தானே இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

பத்து நாள்களுக்குப் பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பாணை வந்தது. ஓட்டுநர் அளவுக்கு மீறிய எடையுள்ள சாவிக்கொத்தைப் பயன்படுத்தியதால் இக்னிஷன் சுவிட்ச் சேதமடைந்தது என்றும், வண்டியை இழுத்துவந்த செலவும் பழுதுபார்த்த செலவும் அவருடைய ஊதியத்திலிருந்து மூன்று தவணைகளில் பிடிக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. காகா ஒப்பந்தப் பணியாளர். இப்படி ஒரு பதிவு கோப்பில் ஏறினால் அடுத்த ஆண்டு அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பது ஐயம். அந்தக் குறிப்பாணை ஒரு சான்றையும் காட்டியது. வண்டியின் பயணப் பதிவேட்டில், இதர குறிப்புகள் என்ற கட்டத்தில், "சிறு மின் கோளாறு, பயணத்திற்குத் தடையில்லை" என்று இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. ஓட்டுநர் பெரிய கோளாறு எதையும் தெரிவிக்கவில்லை என்பதற்கு அதுவே ஆதாரமாம். அந்த இரண்டு குறிப்புகளும் என் கையெழுத்தில் இருப்பவை. இந்தப் பதிவை நான் எழுத நேர்ந்ததற்குக் காரணமும் அதுவே.

இக்னிஷன் சுவிட்சைப் பற்றி முதலில் சற்று விளக்கமாகச் சொல்லவேண்டும். நாம் சாவி நுழைக்கும் பூட்டு வேறு. அந்தப் பூட்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் மின் சுவிட்ச் வேறு. சாவியைத் திருப்பும்போது பூட்டின் உருளை அந்தச் சுவிட்சைத் திருப்புகிறது. நிறுத்தம், துணைக்கருவிகள், ஓட்டம், தொடக்கம் என அதற்கு நான்கு நிலைகள். செல்ஃப் எடுத்ததும் நாம் சாவியை விட்டுவிட, அது தானாகவே ஓட்ட நிலைக்குத் திரும்பி அங்கே நிற்கிறது. நிற்கவைப்பது ஒரு சிறிய ஸ்பிரிங்கும், அதன் முனையிலுள்ள உருண்டை அமரும் ஒரு பள்ளமும்தான். பள்ளம் மழுங்கினாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ, சாலையின் ஒரு குலுக்கலில் சாவி துணைக்கருவி நிலைக்கு நழுவிவிடும். உள்ளிருக்கும் தொடுமுனைகள் கருகினாலும் விளைவு அதேதான்: சாவி சரியான இடத்தில் இருக்கும், மின்சாரம் மட்டும் போகாது. எங்களுடையதுபோன்ற பழைய டீசல் வண்டிகளில் எரிபொருளைத் திறந்துவைக்கும் மின்காந்த அடைப்பான் அந்த மின்சாரத்தை நம்பியே இருக்கிறது. மின்சாரம் நின்றால் எரிபொருள் நிற்கும், எஞ்சின் நிற்கும். எஞ்சின் சுழற்சியும் நின்றுவிட்டால் ஸ்டியரிங் கனக்கும், ஓரிரு மிதிகளுக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும்.

நானா பேட்டையில் உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் எங்கள் சுவிட்சைச் சோதித்தபோது நான் உடனிருந்தேன். விளக்குகளையும் காற்றாடியையும் ஓடவிட்டு, சுவிட்சுக்குள் வரும் மின்னழுத்தத்தையும் வெளியேறும் மின்னழுத்தத்தையும் மல்டிமீட்டரில் பார்த்தார். உள்ளே 12.4 வோல்ட், வெளியே 10.1. சாவியை விரலால் சற்று அசைத்தபோது வெளியே சுழியம். பிறகு சுவிட்சைக் கழற்றிப் பிரித்தார். ஒரு தொடுமுனை கருகிக் குழி விழுந்திருந்தது. பள்ளத்தின் விளிம்பு தேய்ந்திருந்தது. இது ஒரு மாதத்தில் வந்த தேய்மானம் அன்று, பல ஆண்டுகளில் வந்தது என்றார். புதிய சுவிட்சின் விலையும் கூலியும் சேர்ந்து, நாங்கள் அந்த ஒரு நாள் பயணத்தில் தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் செலவிட்டதைவிட அதிகமில்லை.

சாவிக்கொத்தை நான் ஆய்வகத் தராசில் வைத்து நிறுத்தேன். 212 கிராம். அதில் வண்டிச் சாவி ஒன்று. மற்றவை கொட்டகைக் கதவுச் சாவி, கிடங்குச் சாவி, ஜெனரேட்டர் அறைச் சாவி, வண்டி எண் பொறித்த ஒரு பித்தளை வில்லை. இவை அனைத்தையும் ஒரே வளையத்தில் கோத்துக் கொடுத்தது அலுவலகம். காகா தம் பங்குக்குச் சேர்த்தது சிறிய பிளாஸ்டிக் கணபதி ஒன்று.

இந்த நாடகம் இதற்கு முன்பே, மிகப் பெரிய மேடையில் ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014 பிப்ரவரியில் தொடங்கி, செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் உள்ளிட்ட ஏறத்தாழ 26 லட்சம் கார்களை இக்னிஷன் சுவிட்சுக்காகத் திரும்ப அழைத்தது. அந்தச் சுவிட்சைத் திருப்பக் குறைந்தது 15 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்குவிசை தேவைப்பட வேண்டும் என்பது நிறுவனமே வகுத்த வரையறை. செய்து வந்த சுவிட்ச் அதற்கு வெகு கீழே இருந்தது. இது தெரிந்தே 2002இல் அதற்கு ஒப்புதல் தரப்பட்டது. ஓட்டுபவரின் முழங்கால் பட்டாலோ, கனத்த சாவிக்கொத்து ஆடினாலோ, சாவி துணைக்கருவி நிலைக்கு நழுவியது. எஞ்சின் நின்றது, அத்துடன் காற்றுப்பையும் செயலிழந்தது. வண்டி மோதும் கணத்தில் விரியவேண்டிய காற்றுப்பை விரியவில்லை.

எஞ்சின் நிற்கிறது என்ற புகார்கள் தொடக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தன. பொறியாளர்கள் கூடிப் பேசினார்கள். மாற்று வழிகளை ஆராய்ந்தார்கள். செலவுக் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று 2005இல் கோப்பை மூடினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் விற்பனையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு போயிற்று: வாடிக்கையாளர்களைத் தங்கள் சாவிக்கொத்திலிருந்து தேவையற்ற பொருள்களை எடுத்துவிடச் சொல்லுங்கள். எங்கள் அலுவலகக் குறிப்பாணையை வாசித்தபோது இந்த அறிவிப்பின் மராத்தி மொழிபெயர்ப்பைத்தான் வாசிக்கிறோமோ என்று தோன்றியது.

இத்தனை ஆண்டுகள் இது ஏன் நீடித்தது? தீயவர் ஒருவர் எங்கோ அமர்ந்து சதி செய்தார் என்ற விடை நமக்கு வசதியானது. நிறுவனம் தானே அமர்த்திய முன்னாள் அரசு வழக்கறிஞர் ஆன்டன் வலுகாஸ் 2014இல் அளித்த அறிக்கை காட்டும் சித்திரம் வேறு. ஓடும் வண்டியில் எஞ்சின் நிற்பதை அங்கே பாதுகாப்புக் குறைபாடு என்று வகைப்படுத்தவில்லை. வாடிக்கையாளர் வசதி சார்ந்த குறை என்று வகைப்படுத்தினார்கள். வண்டியை ஓரம் கட்டிவிடலாமே, ஸ்டியரிங் கனத்தாலும் திரும்புமே என்பது வாதம். வசதிக் குறை என்ற பெயர் விழுந்ததும் அது செலவுக் கணக்குப் பார்க்கும் குழுவிடம் போயிற்று. காற்றுப்பை விரியாத விபத்துகளை வேறொரு குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. சுவிட்ச் நழுவினால் காற்றுப்பை அணையும் என்பது நிறுவனமே வடிவமைத்த செயற்பாடு. அப்படியிருந்தும் இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. கூட்டங்களில் எல்லோரும் தலையசைத்து ஒப்புக்கொண்டு, வெளியே வந்ததும் எவரும் எதையும் செய்யாத வழக்கத்துக்கு அந்த நிறுவனத்தாரே ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்றும் அறிக்கை சொல்கிறது.

நான் சொல்லவருவது இதுதான்: ஒரு கோளாறுக்கு முதலில் இடப்படும் பெயரே, அதற்குப் பின் நடக்கும் அனைத்தையும் தீர்மானிக்கிறது. அது எந்த மேசைக்குப் போகும், எவ்வளவு அவசரமாகப் பார்க்கப்படும், யார் விலை கொடுப்பார்கள் என்பனவெல்லாம் அந்தப் பெயரில் அடங்கியிருக்கின்றன. வகைப்படுத்தல் என்பது நடுநிலையான எழுத்தர் வேலை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அறம் சார்ந்த முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. பிறகு நடப்பவை பெரும்பாலும் நடைமுறையே.

இறந்தவர்களின் எண்ணிக்கையே இதற்குச் சான்று. தொடக்கத்தில் நிறுவனம் கூறிய எண் 13. நேருக்கு நேர் மோதி, காற்றுப்பை விரியாமல் இறந்தவர்களை மட்டும் கொண்ட கணக்கு அது. எஞ்சின் நின்று கட்டுப்பாடு இழந்து பக்கவாட்டில் மோதியவர்கள் அந்த வரையறைக்குள் வரவில்லை. இழப்பீட்டு நிதியை நிர்வகித்த கென்னத் ஃபைன்பர்க் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடித்தபோது எண் 124 ஆயிற்று. சுவிட்சும் அதே, சாலைகளும் அதே, மாண்டவர்களும் அவர்களே. மாறியது வரையறை மட்டும்.

சொற்களைப் பற்றி இன்னொன்றும் உண்டு. தன் பொறியாளர்களுக்கு அந்த நிறுவனம் 2008இல் அளித்த பயிற்சியில், அறிக்கைகளில் தவிர்க்கவேண்டிய சொற்களின் பட்டியல் ஒன்று இருந்தது. குறைபாடு என்று எழுதாதீர்கள், வடிவமைப்பின்படி செயல்படவில்லை என்று எழுதுங்கள் என்பது அதில் ஒன்று. 2014 மே மாதத்தில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 35 மில்லியன் டாலர் அபராதம் விதித்தபோது இந்தப் பட்டியலும் வெளிவந்தது. "சிறு மின் கோளாறு, பயணத்திற்குத் தடையில்லை" என்று எழுதிய எனக்கு எவரும் பயிற்சி அளிக்கவில்லை. நானே கற்றுக்கொண்டிருந்தேன்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வரலாற்றில் மிகவும் உறைக்கக்கூடிய இடம் வேறொன்று. 2006இல் அந்தச் சுவிட்சின் ஸ்பிரிங்கையும் உந்துமுனையையும் சற்று நீளமாக்கி, குறையைச் சத்தமின்றிச் சரிசெய்தார்கள். ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை. பொருள் மாறியது, பெயர் மாறவில்லை. எனவே பின்னாளில் ஆராய வந்த நிறுவனப் பொறியாளர்களுக்கே, 2007 வரையிலான கார்களில் நடப்பது அதற்குப் பிந்தைய கார்களில் ஏன் நடப்பதில்லை என்பது ஆண்டுக்கணக்கில் புரியாத புதிராக இருந்தது. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த நம் முன்னோர் ஓர் எழுத்து மாறினாலும் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் காட்டினார்கள். அந்தச் சிறு குறிப்பின் மதிப்பு என்னவென்று ஐயமிருந்தால், பாடபேதம் குறிக்காமல் விட்ட இந்தச் சுவிட்சை நினைத்துக்கொள்ளலாம். புதிரை அவிழ்த்தது நிறுவனமன்று. 2010இல் ஜார்ஜியா மாநிலத்தில் இறந்த 29 வயதுச் செவிலியர் ஒருவரின் பெற்றோர் தொடுத்த வழக்கில், அவர்கள் தரப்புப் பொறியாளர் கடையில் புதிதாக ஒரு சுவிட்சை வாங்கிப் பழையதன் அருகே வைத்துப் பிரித்துப் பார்த்தார். ஒரே எண் தாங்கிய இரண்டு சுவிட்சுகளில் உந்துமுனைகளின் நீளம் வேறாக இருந்தது.

பெயரிடுதலின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரே ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2004 நவம்பரில் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் இளம்பெண் ஓட்டிய சாட்டர்ன் அயான் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. அருகிலிருந்த, அவரை மணக்கவிருந்த இளைஞர் இறந்தார். சாலையில் பிரேக் பிடித்த தடம் இல்லை. எனவே தவறு ஓட்டியவருடையது என்று முடிவாயிற்று. 2007இல் அவர் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குச் சில மாதங்கள் முன்பே நிறுவனத்தின் உள் மதிப்பாய்வு அந்த விபத்துக்குக் காரையே காரணமாகக் கண்டிருந்தது என்பது பின்னர் வெளியாயிற்று. அவரிடம் எவரும் சொல்லவில்லை. 2014 நவம்பரில் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. பத்து ஆண்டுகள் அவர், தாம் நேசித்தவரைத் தாமே கொன்றதாக நம்பி வாழ்ந்திருக்கிறார்.

கல்விப்புலத்தவராகிய நாம் கவனிக்கவேண்டிய இன்னொரு செய்தி: உண்மை அறியப்படாமல் இல்லை. 2006இல் விஸ்கான்சின் மாநிலத்தில் இரண்டு பதின்வயதுப் பெண்கள் இறந்த விபத்தை விசாரித்த மாநிலக் காவலர், சுவிட்ச் துணைக்கருவி நிலைக்கு நழுவியதையும் காற்றுப்பை விரியாததையும் இணைத்து 2007 தொடக்கத்திலேயே அறிக்கை எழுதினார். அதே விபத்தை ஆராய்ந்த இந்தியானா பல்கலைக்கழகக் குழுவும் அதே ஆண்டில் அதையே சுட்டியது. இரண்டும் எளிய மொழியில் எழுதப்பட்டவை, இரண்டும் சரியானவை. காவலரின் அறிக்கை நிறுவனத்தின் கோப்புகளுக்குள்ளேயே இருந்தது; 2014 வரை எவரும் அதைப் பயன்படுத்தவில்லை. அரசின் பாதுகாப்பு அமைப்பும் 2007இல் முறையான விசாரணை தேவையில்லை என்று முடிவெடுத்தது. அறிவை உற்பத்தி செய்துவிட்டால் அது தானாகவே வேலை செய்யும் என்ற நம் தொழில்நம்பிக்கைக்கு இது நல்ல மருந்து. சரியான கட்டத்தில் எழுதப்படாத உண்மை, எழுதப்படாத உண்மைக்குச் சமமாகவே நடத்தப்படுகிறது.

இனி எதிர்வாதத்துக்கு வருகிறேன். சாவிக்கொத்தின் எடைக்குப் பங்கே இல்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்டு. தொங்கும் எடை சாவியின் மீது ஒரு முறுக்குவிசையைச் செலுத்துகிறது; குழியில் வண்டி குதிக்கும்போது அது பல மடங்காகிறது. சாவியில் நீண்ட துளை இருந்தால் நெம்புகோலின் நீளம் கூடுகிறது. இலேசான சாவிக்கொத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்பது நல்ல அறிவுரை. நானும் இப்போது பின்பற்றுகிறேன். ஆனால் காரணங்களில் ஒன்றாக இருப்பது வேறு, பொறுப்பாளியாக இருப்பது வேறு. மனிதர்கள் சாவிகளைக் கொத்தாகத்தான் வைத்திருப்பார்கள் என்பது சுவிட்ச் செய்பவருக்குத் தெரியும். அதைத் தாங்குமாறு செய்வது அவர் கடமை. அது தேயும் என்பது வண்டியைப் பராமரிப்பவருக்குத் தெரியும். தேய்ந்ததும் மாற்றுவது அவர் கடமை. இந்த இரண்டு கடமைகளும் தவறிய பிறகு, சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பவரின் கையில் இருப்பதை எடைபோடுவது இயற்பியலாக இருக்கலாம், நீதியாகாது.

ஒவ்வொரு சிறு புகாரையும் உயிராபத்து என்று எழுதினால் எந்த நிறுவனமும் இயங்காதே என்பது இரண்டாவது வாதம். இதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வானில் கதவு கிறீச்சிடும். இரண்டாவது வரிசை ஜன்னல் மூடாது. அவற்றை எல்லாம் ஒரே தட்டில் வைக்க இயலாது. ஆனால் பிரித்தறிய ஓர் எளிய கேள்வி உண்டு: இது நின்றால் இதனோடு வேறு என்ன நிற்கும்? கதவு கிறீச்சிட்டால் வேறெதுவும் நிற்காது. சாவி நழுவினால் எஞ்சின், ஸ்டியரிங்கின் துணை, பிரேக்கின் துணை, விளக்கு, காற்றுப்பை என வரிசையாக நிற்கும். இந்தக் கேள்வியைக் கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. வண்டியை ஓட்டுபவரிடம் கேட்டாலே போதும். அவர் உடல் அதை அறிந்திருக்கிறது.

இதையெல்லாம் புனேயில் இருந்துகொண்டு எழுதுவதில் ஒரு முரண் இருக்கிறது. இந்தியாவின் வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏஆர்ஏஐ, 1966 முதல் இந்நகரத்தில் இயங்குகிறது; கோத்ருட் பகுதிக் குன்றின் மேல் அதன் வளாகம். பிம்ப்ரி, சாகண், அகுர்டி என்று நகரைச் சுற்றிலும் வாகனத் தொழிற்சாலைகள். மும்பை செல்லும் வழியில் தளேகாவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2008இல் திறந்த ஆலையும் இருந்தது. 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது, இப்போது ஹூண்டாய் வசம் இருக்கிறது. வண்டி செய்யவும் சோதிக்கவும் தெரிந்த இவ்வளவு பேர் வாழும் ஊரில், ஓடிப் பழகிய ஒரு வானின் சுவிட்சைப் பற்றி அதன் ஓட்டுநர் சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2012 முதல் நம் நாட்டில் வாகனத் தயாரிப்பாளர்களின் தன்னார்வத் திரும்ப அழைப்பு நெறி ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்து, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. அதன் விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. விற்ற எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர்ந்தால் விசாரணை தொடங்கலாம். அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். வரவேற்கவேண்டிய சட்டம்தான். ஆனால் அது ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு மட்டுமே பொருந்தும். பள்ளிப் பிள்ளைகளையும், கூலித் தொழிலாளர்களையும், எங்களைப் போன்ற ஆய்வு மாணவர்களையும் ஏற்றிச் செல்லும் வான்கள் பல, ஏழாவது ஆண்டுக்குப் பிறகுதான் இரண்டாம் கை, மூன்றாம் கை என்று மாறி அந்த வேலைக்கே வருகின்றன. அந்த வண்டிகளுக்குச் சட்டத்தின் கண் மூடிய பிறகு, எஞ்சியிருக்கும் ஒரே பாதுகாப்பு ஓட்டுநரின் காதும் கையும்தான். அவரையே நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம். நிறுத்தினால் அடுத்தமுறை அவர் எதையும் சொல்லமாட்டார். அதுவும் நியாயமே.

ஆகவே எங்கள் துறையிடம் நான் கேட்பவை சில. பயணப் பதிவேட்டில் கோளாறுகளை ஓட்டுநரே, தம் மொழியில், தம் கையால் எழுதவேண்டும். நாம் அதைச் சுருக்கவோ மெருகேற்றவோ கூடாது. இந்த வண்டி இன்று புறப்படாது என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கவேண்டும். அதற்காக அவருடைய ஊதியம் குறையக்கூடாது. எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்பது தேதியோடு எழுதப்படவேண்டும், பாடபேதம் குறிக்கப்படவேண்டும். வண்டிச் சாவி தனி வளையத்தில் இருக்கட்டும்.

கடைசியாக என் பங்கு. முதல்முறை காகா சொன்னது, "சாவி கையில் நிற்கவில்லை, தானாகத் திரும்புகிறது" என்பது. இரண்டாவது முறை, "சுவிட்சை மாற்றாமல் மலைப்பக்கம் போகவேண்டாம்" என்றார். அவர் இந்தியில் சொன்ன அந்த இரண்டு தெளிவான வாக்கியங்களை நான் ஆங்கிலத்தில் ஒரு மங்கலான வாக்கியமாக மாற்றினேன். காரணம் எளிது: கள ஆய்வு தள்ளிப்போனால் என் அத்தியாயம் தள்ளிப்போகும். பயணத்திற்குத் தடையில்லை என்று நான் எழுதியபோது வண்டியின் நிலையை நான் பதிவு செய்யவில்லை. என் விருப்பத்தைப் பதிவு செய்தேன். வாய்மொழிச் சான்றுகளை எப்படித் திரிக்காமல் பதிவு செய்வது என்று இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான்.

இதை அப்படியே எழுதி, அவர் சொன்ன வாக்கியங்களைத் தேதியோடு குறித்து, என் முந்தைய குறிப்புகளைத் திரும்பப் பெறுவதாக அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். எலக்ட்ரீஷியனின் அளவீடுகளையும், சாவிக்கொத்தின் எடையையும், அதிலுள்ள சாவிகள் யாருடையவை என்ற பட்டியலையும் இணைத்திருக்கிறேன். அன்று வண்டியில் இருந்த மற்ற ஆறு பேரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முதல் தவணைப் பிடித்தம் இந்த மாத ஊதியத்தில் நடக்கவிருக்கிறது. அதற்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் அந்தத் தொகையை நாங்கள் ஏழு பேரும் பகிர்ந்து கட்டிவிடுவோம் என்று காகாவிடம் சொன்னோம். அவர் மறுத்துவிட்டார். "பணம் பெரிதில்லை, தவறு என்னுடையது என்று எழுதியிருக்கிறதே, அதை அழிக்கச் சொல்லுங்கள்" என்றார்.

இதை வாசிக்கும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் தங்கள் துறையின் வண்டிப் பதிவேட்டை, ஆய்வகப் பதிவேட்டை, விடுதிப் புகார்ப் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இதர குறிப்புகள் என்ற கட்டத்தில் யாருடைய எச்சரிக்கை எந்தப் பெயரில் உறங்குகிறது என்று தெரியவரும்.